கரிக்காத உப்பு

உப்புன்னா கரிக்கணும் தம்பி. கரிக்கலேன்னா அது என்ன உப்பு? சுண்ணாம்பப் பொடி பண்ணியும்தான் வெள்ளையா பாக்கெட்ல போட்டு விக்கலாம். மீன் உப்புன்னு மேல படம் வேற. படத்துல மீன் சிரிக்குது. இந்த பக்கெட்ல இருக்கறது சிரிக்குதான்னு எட்டிப் பாரு. ஒருக்களிச்சுக் கெடக்கு. உன் கடை உப்புல உப்பு இல்ல, அதான் விஷயம். உப்பு இல்லாத உப்பப் போட்டா மீன் மேல வந்த வெள்ளைப் புள்ளி எப்படிப் போகும்... இல்ல, புள்ளி போயிடுச்சு. அதை நான் இல்லேங்கல. புள்ளி போயிடுச்சு, இப்ப மீனும் கூடவே போகப் பாக்குது.

வலை எதுக்கு, கையாலயே எடுத்துடலாமே. ஓடற நெலமையிலயா இருக்கு அது. சரி சரி, நான் தொடல. நீயே பாரு. மெதுவா தம்பி. அது என் மருமக மீன். அவளும் என் பையனும் ஊருக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் வந்துருவாங்க. வந்ததும் அவ செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி தொட்டிகிட்டதான் போவா. எனக்கு ஒண்ணுன்னா கூட அப்பறம் விசாரிச்சுக்குவா. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்த வீட்டுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு...

பேரு மேனேஜர். நான் வைக்கல, அவதான் வச்சா. அவ ஆபீஸ்ல மேனேஜர் ஒருத்தர் இருக்காராம், இதே மாதிரி முழி பிதுங்கி, வாயத் தொறந்து தொறந்து மூடுவாராம், உருப்படியா ஒரு வார்த்தை வராதாம். ஒரு நாள் அந்த மனுஷனே வீட்டுக்கு வந்துட்டாரு. டீ குடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து, "மீன் நல்லாருக்கே, பேரு ஏதாவது வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாரு பாரு. என் மருமக மூஞ்சி சுண்டைக்காய் ஆயிடுச்சு. நான்தான் "தங்கம்"னு சொல்லி சமாளிச்சேன். அவரு போனதும் என் கையப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, நீங்க இல்லேன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும்"னா. அப்படி இருந்தவங்கதான் நாங்க.

என்ன கேட்ட? எவ்வளவு போட்டேனா? என்னைப் பாத்தா கேக்கற? சரி, உனக்கெங்க தெரியும். ஹாஸ்டல் மெஸ் ஒண்ணுல அடுப்படி மொத்தமும் என் கையிலதான் இருந்துச்சு. முந்நூறு பேரு. அண்டா என் இடுப்பு ஒசரம். மூட்டையில கைய விட்டு அள்ளி இப்படி ஒரு வீசு. கரண்டி, கப்பு, தராசு ஒண்ணும் கெடையாது. வீசிட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நாக்குல வச்சா வேலை முடிஞ்சுது. வார்டன் ஒருத்தர் இருந்தாரு, குத்தம் கண்டுபிடிக்கலேன்னா அவருக்குத் தூக்கம் வராது. சோறு குழைஞ்சிருச்சும்பாரு, பருப்பு வேகலேம்பாரு, தட்டு ஈரமா இருக்குன்னு அதுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினாரு. உப்பப் பத்தி ஒரு வார்த்தை அவரு வாயில வந்ததில்ல. அவர விடு, என் வீட்டுக்காரரு? நாங்க சண்டை போடாத விஷயமே கெடையாது. அவரு தங்கச்சி, எங்கண்ணன், ஃபேன் வேகம், ஜன்னலத் தொறக்கறதா மூடறதா... சாகறதுக்கு முந்தின வாரம் கூட ஜன்னலுக்காக ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். உப்புக்கு மட்டும் ஒரு சண்டை வந்ததில்ல. வேற எதுல வேணா என்னைச் சொல்லலாம். அதுல கை வைக்க ஆளே கெடையாது.

ஏன் அந்தத் தண்ணிய அப்படிப் பாக்கற? அழுக்கெல்லாம் இல்ல. தெனம் நான் ருசி பாத்த தண்ணி.

முழிக்காத தம்பி. காலையில பல்லு தேச்சதும் எனக்கு மொத வேலை அதான். ஒரு சொட்டு, உள்ளங்கை, நாக்கு. மீன் கெடக்கற தண்ணிதான், அதுக்கென்ன? மீன் சமைக்கறப்ப மீன எடுத்து வெளிய வச்சுட்டா ருசி பாக்கறோம்? பாத்தா சப்புன்னு இருக்கும். ஒரு கை போடுவேன். மறுநாள் பாப்பேன், அதே சப்பு. இன்னொரு கை. அப்படியே பாக்கெட் காலி. தொட்டியில இருந்த செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டு போச்சு, தண்ணி மட்டும் இன்னும் சப்புன்னுதான் இருக்கு. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு, இது ஏதோ ஏமாத்து வேலைன்னு.

நீ அன்னிக்கே லிட்டர் கணக்கு ஏதோ சொன்ன. ஆமா, சொன்ன. நான் காதுல வாங்கிக்கல. எனக்கு உப்புக் கணக்கு சொல்ல வந்துட்டான்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காத. புள்ளி வந்திருக்குன்னு மருமகளுக்குப் போன்ல சொன்னப்ப, அவ என்ன சொன்னா தெரியுமா? "கடையில மீன் உப்புன்னு விக்கும், வாங்கி லேசாப் போடுங்க அத்தை"ன்னா. லேசான்னா எவ்வளவும்மான்னேன். "உப்பு விஷயம் உங்களுக்கு நான் சொல்லணுமா அத்தை"ன்னா. பேச்சுவாக்குல சொன்னாளோ, மனசாரச் சொன்னாளோ. எனக்கு அன்னிக்கு ரெண்டு வாய் சோறு கூடுதலா எறங்குச்சு.

ஏன்னா வீட்டுல இப்ப அடுப்பு என் கையில இல்ல. யாரும் புடுங்கல. புடுங்கினா சண்டையாவது போடலாம். "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். மொதல்ல காலையில மட்டும் அவ. அப்பறம் மத்தியானமும். அப்பறம் நான் அடுப்படிக்குப் போனாலே பின்னாடி வந்து நிக்கறா, நான் ஏதோ கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு ஓடிடப் போற மாதிரி. ஒரு காய்ச்சல் வந்து எந்திரிச்ச ஒடம்பு, அதான் ரெஸ்ட் எடுக்கச் சொல்றான்னு நெனச்சேன். காய்ச்சல் எப்பவோ போயிடுச்சு. ரெஸ்ட்டு போகல. என்னிக்காவது நான் சமைச்சா, பையன் "ஆபீஸ்லயே சாப்ட்டுட்டேம்மா"ங்கறான். கொஞ்ச நேரத்துல ரூமுக்குள்ள பிஸ்கட் பாக்கெட் பிரிக்கற சத்தம் கேக்குது. எனக்கு காது நல்லாக் கேக்கும், அது அவனுக்கு மறந்து போச்சு.

ஒரு நாள் பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் ஒரே தீயற வாடைன்னு மருமக உள் ரூம்ல இருந்து ஓடியாறா. நான் அடுப்புப் பக்கத்துலயே நிக்கறேன், எனக்கு ஒரு வாடையும் வரல. இவளுக்கு மட்டும் இப்படி மூக்கு நீளுதே, விசேஷம் ஏதாவது இருக்காம்மான்னு கேட்டுட்டேன். அதுக்கு ரெண்டு நாளு என்கிட்ட பேசல.

அட, நீயும் தொட்டு நாக்குல வைக்கறியே. அப்படி வா வழிக்கு. பாத்தியா, சப்புன்னுதானே...

ஏன் துப்பற?

இவ்வளவு நேரம் வாய் கொப்பளிக்க அதுல என்ன இருக்கு? கடல் தண்ணியா? யாரப் பாத்துச் சொல்ற? உப்பு அளக்கற அந்தக் குச்சிய எல்லாம் தண்ணியில முக்கி எனக்கு நம்பர் காட்டாத. குச்சிக்கு நாக்கா இருக்கு?

சரி, ஒண்ணு பண்ணு. அந்த அலமாரியில இருந்து புதுப் பாக்கெட் ஒண்ண எடு. என் கண்ணு முன்னாடி பிரி. இப்பப் பாரு, நான் வாயில போடறேன். ...ம். மண்ணு மாதிரி நறநறங்குது. வேற ஒண்ணும் இல்ல. இப்ப நீ போடு. போடு தம்பி. ...மூஞ்சிய ஏன் அப்படிக் கோணிக்கற? வியாபாரத்துக்காக இவ்வளவு நடிக்கக் கூடாது.

அது என்ன டப்பா? உன் சாப்பாட்டு டப்பாவா? ஓரத்துல பேப்பர்ல மடிச்சிருக்கறது உங்க வீட்டு உப்பா? உன் சம்சாரம் உப்ப தனியாக் கட்டிக் குடுத்து விடுதா. அப்படின்னா சமையல்ல போடற உப்பு பத்தலேன்னு அதுக்கே தெரியுதுன்னு அர்த்தம். கோவிச்சுக்காத, தொழில்காரி கண்ணுல பட்டுடுச்சு. குடு, பாக்கறேன்.

...

இன்னும் கொஞ்சம் குடு.

...

இதுவும் அப்படித்தான் இருக்கு.

உன் சம்சாரம் எதுக்கு என்னை ஏமாத்தப் போகுது. அதுக்கு என்னைத் தெரியவே தெரியாதே.

ஸ்டூல் எல்லாம் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். ...சரி போடு, போட்டுட்ட இல்ல, உக்காந்துக்கறேன். நீ மீனப் பாரு. என்னைப் பாக்காத, மீனப் பாரு.

என்ன பண்ற? பாதித் தண்ணிய மட்டும் எடுக்கற? மொத்தத்தையும் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தேன். கூடாதா? ஒரேயடியா மாத்தினா அது தாங்காதா. ஓ. அந்த ட்யூப்புல எதுக்கு முடிச்சு? ...சொட்டு சொட்டா எறங்கறதுக்கா. சரிதான். இவ்வளவு உப்புல இருந்து பழகிடுச்சு, நல்ல தண்ணியே ஆனாலும் மெல்லத்தான் குடுக்கணும்.

என் மருமகளும் மெல்லத்தான் சொன்னா தம்பி. காலையில மட்டும்னு ஆரம்பிச்சா. அப்பறம் மத்தியானம். நான் அதை என்னென்னமோ நெனச்சுட்டேன். கைகாரின்னு கூட ஒரு தடவை பக்கத்து வீட்டுல சொன்னேன். என் பையன் பாவம், பிஸ்கட் தின்னு தின்னு எளச்சுப் போயிட்டான். வேலைக் கவலைன்னு நெனச்சேன்.

டாக்டரா? நாக்குக்கு டாக்டர் இருக்காங்களா? காய்ச்சலுக்கு அப்பறம் சில பேருக்கு இப்படி ஆகுமா? திரும்பி வருமா? உங்க மாமாவுக்கு வந்துச்சா. எத்தனை நாள்ல... சரி விடு, நீ மீன் டாக்டரு, உன்ன எதுக்கு நோண்டறேன்.

வால ஆட்டுது பாரு. ஆட்டுது, ஆட்டுது, இந்தப் பக்கம் வந்து பாரு. நிமிரப் பாக்குது. வாயத் தொறக்குது. மேனேஜரே, உன்னை இப்படிப் பண்ணிட்டேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ. பொழைச்சுக்குமா தம்பி? "பாக்கலாம்"னா? பொழைக்கும்னு சொல்லேன், வாய் வலிக்குதா. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா. அதுவும் சரிதான். தொட்டித் தண்ணியும் மாத்தணுமே. அவ வந்ததும் நானே கூட்டிட்டு வரேன். மேனேஜர் விஷயத்த அவ பாக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நாக்கு விஷயத்த அப்பறம் சொல்லிக்கலாம். எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டினா அவளும் தாங்க மாட்டா.

இல்ல... இன்னிக்கே சொல்ற மாதிரிதான் ஆயிடும் போல இருக்கு. அவங்க வர நேரத்துக்குச் சூடா இருக்கணும்னு காயெல்லாம் நறுக்கி வச்சுட்டு வந்திருக்கேன் தம்பி. வரப்ப அலுத்து வருவாங்க, அவ அடுப்படிக்கு வரதுக்குள்ள நான் சமைச்சு எறக்கிடணும்னு. இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சு, நான் யாருன்னு காட்டிடணும்னு இருந்தேன். உப்பு போட்டுட்டா வேலை முடிஞ்சுது.

அது என்ன, பாக்கெட்டுக்குள்ள? சின்னக் கரண்டி ஒண்ணு கெடக்குதே. எல்லாப் பாக்கெட்லயும் இருக்குமா? அப்ப என் பாக்கெட்லயும் இருந்திருக்கும், குப்பையோட போயிருக்கும். நாலு லிட்டருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. சரி, இந்த தடவை காதுல வாங்கிக்கிட்டேன். இந்தக் கரண்டிய நான் எடுத்துக்கறேன். மீனுக்குத் தனியா வேற ஒண்ணு குடு.

தம்பி, மூணு பேருக்குச் சமைச்சா இதால எத்தனை கரண்டி உப்பு போடுவாங்க?

உனக்குத் தெரியாதா. என்னைக் கேட்டா? எனக்கு எப்படித் தெரியும். நான் எங்க அளந்தேன்.

உன் சம்சாரத்துக்குத் தெரியுமில்ல. அது கம்மியாப் போடற கைதான், பரவால்ல, கம்மியாவே இருக்கட்டும், பத்தலேன்னா போட்டுக்கட்டும்னு மேஜை மேல உப்பு டப்பாவ வச்சுடறேன். நானும் அந்த நெலமைக்கு வந்தாச்சு. போனப் போட்டுக் கேளு. இப்பவே போடு, எனக்கு நேரமாச்சு. யாரு கேக்கறாங்கன்னு சொல்லாத தம்பி.

மீனுக்குன்னு சொல்லு.