பதினோரு மணிக்கு அடித்த மணி

பெருமக்களே, முதலில் ஒரு துயரச் செய்தி. காலை விருந்தில் பான்கேக்கோடு பரிமாறப்பட்ட மேப்பிள் பாகு, நம்மை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுத் தீர்ந்துவிட்டது. வரிசையின் கடைசியில் நின்ற பாதிரியார் அதற்கு மௌன அஞ்சலியும் செலுத்திவிட்டார்.

விழாத் தலைவர், மேயர் அம்மையார் டில்லட்சன் அவர்களே! களம் கண்டு, காயம் கொண்டு, காலம் வென்று முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர்களே! பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டுத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்த தாய்மார்களே! நான் வாய் திறக்குமுன்பே கடிகாரம் பார்க்கும் தலைமையாசிரியர் அவர்களே! வணக்கம்.

நவம்பர் பதினொன்று. அது வெறும் தேதியா? முதல் உலகப் போரில் பதினோராம் மாதம், பதினோராம் நாள், பதினோராம் மணியில் பீரங்கிகள் வாய்மூடிய பொழுதல்லவா? பிறகு எல்லாப் போர்களிலிருந்தும் திரும்பிய எல்லாருக்குமான நாளல்லவா? அந்த நாளை நம் அமெரிக்க ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? வாரக்கடைசியோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்று அக்டோபர்த் திங்கட்கிழமைக்கு நகர்த்தினார்கள். ஏழாண்டு வனவாசம்! மெத்தைக் கடைக்குத் தள்ளுபடித் திருநாள். ஏரிக்கரையில் தூண்டில் திருநாள். பின்வரிசையில் சிரிப்பவரே, உங்கள் தூண்டிலையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மட்டும் நகரவில்லை. இதோ, ஆர்வில் ஹாகன் ஐயா. பிரான்சில், அந்தக் கடைசிக் காலையில், "பதினோரு மணி அடிக்கட்டும், காபி நான் போடுறேன்" என்றாராம் அவருடைய தோழர் லியோ. மணி பதினொன்று ஆனது. காபி போட லியோ இல்லை.

அதனால் ஆண்டுதோறும், ஊரே வேலைக்கு ஓடும் நவம்பர் பதினொன்றில், பள்ளிக்கு எதிரே கொடிக்கம்பத்தடியில் ஐயா தன்னந்தனியாக நின்றார். விழா போன மாதமே முடிந்துவிட்டதே, தூங்கிவிட்டீர்களா என்று தபால்காரர் சீண்டினாராம்.

"நான் எங்கயும் போகலப்பா. தேதிதான் ஊர் சுத்தப் போயிருக்கு. வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

ஆனால் முழங்கால் வலித்தது. மனம் அதைவிட வலித்தது. அந்த ஆண்டோடு போதும் என்று முடிவெடுத்துத்தான் நான்காண்டுகளுக்கு முன் வந்து நின்றார்.

அப்போது பள்ளியில் மணி அடித்தது! கதவுகள் திறந்தன! பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அணி அணியாக வந்தார்கள். புல்வெளியில், கொடியைப் பார்த்தபடி, வாய் திறவாமல் நின்றார்கள். ஐயா தொப்பியைக் கழற்றினார். தலைமையாசிரியரின் கையைப் பற்றினார்.

"ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன் சார்."

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அடுத்த ஆண்டு அவரே பிள்ளைகளை அழைத்து வந்தார். அதற்கடுத்து ஊர் வந்தது. சட்டமே மாறி, இந்த ஆண்டு தேதியும் வீடு வந்து சேர்ந்தது!

அன்று மணியடித்த மாவீரன் யார்? செனட்டர்களா? தளபதிகளா? அடியேன்! பன்னிரண்டு வயதில்! இன்றும் பதினோரு மணிக்கு நானே மணியடிக்க வேண்டும் என்று ஐயா விரும்பிக் கேட்டிருக்கிறார்.

இன்னும் சில நிமிடமே இருக்கிறது. கயிற்றைத் தொடுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐயா, அன்று நான் அடித்தது தீ அபாய மணி. அது அடித்தால் வரிசையில் வந்து பேசாமல் நிற்க வேண்டும் என்பது பள்ளி விதி. எங்களுக்கு அப்போது பின்னக் கணக்குப் பரீட்சை. நீங்கள் அங்கே நிற்பது எனக்குத் தெரியவே தெரியாது.

என்ன ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"தெரியும்டா. தீயணைப்பு வண்டி என் பக்கத்துலதானே வந்து நின்னுச்சு. போய் மணிய அடி" என்கிறார்.

அவையோர்க்கு என் நன்றியும் வணக்கமும். அடிக்கப் போகிறேன், இந்த முறை எதற்கென்று தெரிந்து.