பென்சில் எழுத்து அழிக்கப்பட்ட ஆறு அச்சுப்படங்கள்

பெயர்: நர்மதா. வயது: 48. கணவர் பெயர்: நல்லதம்பி. தொழில்: தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் பிரிவில் நிரந்தரத் தொழிலாளி. முகவரி: எஸ்டேட் லயம், பதினொன்றாம் எண் வீடு, சித்திரபுரம் அஞ்சல். 2025 மார்ச் 12ஆம் தேதி காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இன்றி நான் தமிழில் சொல்லச் சொல்ல, காவலர் பொன்ராஜ் எழுதிக்கொண்டது.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் உளியால் படம் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுப்பதைப் பதினைந்து வருடமாகச் செய்து வருகிறேன். ஒரு பலகையிலிருந்து பன்னிரண்டு தாள் மட்டும் எடுப்பேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் அது பன்னிரண்டில் எத்தனையாவது என்ற எண்ணையும் என் கையெழுத்தையும் பென்சிலில் இடுவேன். அதன் பிறகு பலகையின் குறுக்கே உளியால் கீறிவிடுவேன், அதற்கு மேல் யாரும் அதில் எடுக்க முடியாது. ஆகவே பன்னிரண்டும் மூலப்படங்கள், நகல் என்று ஒன்று கிடையாது. பேனா மை நாள்பட்டால் தாளில் ஊறிப் பரவும், பென்சில் பரவாது என்பதால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இதுதான் முறை. இதைப் புகார்தாரரிடம் மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை இங்கே சொல்கிறேன்.

புகார்தாரர் திரு. பூபதிராஜா எங்கள் ஊரில் உள்ள மலைமுகடு தேயிலை அருங்காட்சியகத்தின் செயலாளர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதைக் குடிக்கலாம் என்பது மட்டும். சிறிய அருங்காட்சியகங்கள் மூல அச்சுப்படங்கள் வாங்குவதற்கு எர்ணாகுளத்தில் நீலவாகை என்ற அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, 2024 ஜூன் மாதம் என் வீடு தேடி வந்தார். அதற்கு முன் பத்து வருடம் எங்கள் லயத்து வழியாகத்தான் காரில் போனார், ஒரு நாளும் வண்டி நின்றதில்லை.

படங்களைப் பாயில் விரித்துக் காட்டினேன். எடை போடும் இடத்தில் நிற்கும் பெண்கள், அட்டை கடித்த கணுக்கால், தண்ணீர்க் குழாயடிச் சண்டை முதலிய ஆறு படங்களை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, இதுல ஒரிஜினல் எதுங்க, ஜெராக்ஸ் எதுங்க?" என்று கேட்டார். மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். ஆறு தாளிலும் என் எண்ணும் கையெழுத்தும் இருந்தன, அவர் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். அதன் பிறகு ரசீதில் 'படம், ஆறு எண்ணம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஆகஸ்டு 15ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. படம் செய்தவள் என்று என்னை அழைத்து, காபி அண்டா பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஆறு படங்களுக்கும் கல்யாண மண்டபத்துக் கண்ணாடி போலத் தங்கநிறச் சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் தாளின் அடிப்பகுதியை மறைத்ததால் என் எழுத்து எனக்குத் தெரியவில்லை. செயலாளர் உதவித்தொகை வாங்கும் புகைப்படத்தை மட்டும் என் படங்களைவிட நான்கு மடங்கு பெரிதாக வாசலில் மாட்டியிருந்தார்கள்.

அதன் பிறகு 2025 ஜனவரி 21ஆம் தேதி அறக்கட்டளையிலிருந்து மோனிஷா என்ற அதிகாரி பார்வையிட வந்தார். படம் செய்தவரும் வர வேண்டும் என்று அவர் சொன்னதால், அருங்காட்சியக எழுத்தர் ஷிஜு எனக்குப் போன் செய்தார். வேலை உடுப்போடு, தலையில் தேயிலைத் தூளோடு போனேன். அதிகாரி ஒரு சட்டத்தைக் கழற்றினார். என் எழுத்து இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் அருங்காட்சியகத்தின் வட்ட முத்திரையும், கறுப்புப் பேனாவில் பதிவேட்டு எண்ணும் இருந்தன. ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. ஆறு படங்களும் இப்படியே இருந்தன.

"ஆர்ட்டிஸ்டோட ஒப்பு எங்கே? கையெழுத்தும் நம்பரும் இல்லாம இத ஒரிஜினல்னு நாங்க எப்படி எடுக்கறது?" என்று அதிகாரி கேட்டார். செயலாளர் கொஞ்சமும் கூசாமல், "அந்தம்மா போடவே இல்லீங்க மேடம். நாங்க நம்பி வாங்கிட்டமுங்க" என்றார். நான், "வாய் கூசலியாய்யா ஒமக்கு? வெரல வச்சுத் தடவிப் பாத்தீரே!" என்று சத்தம் போட்டது உண்மை. அவரை அடிக்கப் போனேன் என்று புகாரில் இருப்பது பொய். அந்த ஆளைத் தொட்டால் நான் குளிக்க வேண்டும்.

அதன் பிறகு கட்டடத்துக்குப் பின்னால் வைத்து ஷிஜுவைக் கேட்டேன். "சேச்சி, பென்சில்ல எழுதினா ரெக்கார்டுல எடுக்காது. ஆடிட்டுல பிடிக்கும். சாரு எல்லாத்தையும் ரப்பர் வச்சு மாய்ச்சிட்டுப் பேனாவுல போடச் சொன்னாரு" என்றார். அவர் அதைக் கெடுதல் என்று நினைத்துச் செய்யவில்லை, படத்தைச் சட்டப்படி ஆக்குவதாக நினைத்துச் செய்திருக்கிறார். செய்தவளின் கையெழுத்தை அழித்து முத்திரை குத்தினால்தான் ஒரு பொருள் உண்மையானது என்று நம்புகிறவர்கள் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஷிஜு தற்காலிக ஊழியர், இங்கே வந்து இதைச் சொல்வாரா என்று தெரியாது. அவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு, மூலப்படம் என்று நிரூபிக்காவிட்டால் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்ததாகவும், அதனால் செயலாளர், நான் நகலைக் கொடுத்து ஏமாற்றியதாக என் மேல் புகார் கொடுத்ததாகவும் அறிகிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். குற்றப்பத்திரிகை வந்தால் வேலையிலிருந்து நிறுத்துவோம் என்று எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

அதன் பிறகு மார்ச் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்றும் புதுப் பென்சில் ஒன்றும் கொண்டுவந்தார். 'மறதியால் கையெழுத்திடாமல் படங்களைக் கொடுத்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று கடிதத்தில் இருந்தது. அதில் ஒப்பமிட்டு, ஆறு படங்களிலும் முத்திரைக்குக் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டால், "கேசை வாபஸ் வாங்கிக்கறனுங்க. நமக்குள்ள எதுக்குங்க பகை?" என்றார்.

என் கணவர், "ஏட்டி, ஒரு கையெழுத்துதான? போட்டுக் குடுத்துட்டுச் சோலியப் பாரு. வீடு போச்சுன்னா எங்க போய் நிக்க?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை, அவருக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் செயலாளரிடம், "மறந்துட்டேன்னு எழுத மாட்டேன். நான் போட்டேன், நீரு அழிச்சீரு. அத எழுதி அதுக்குக் கீழ நீரு ஒப்புப் போடும், மறு நிமிஷம் ஆறுலயும் நான் போடுதேன்" என்றேன். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். செய்யாத மோசடிக்கு என்மேல் வழக்குப் போட்டவர், அதை வாபஸ் வாங்க என்னை ஒரு மோசடி செய்யச் சொல்கிறார். படித்தவர், பண்ணைக்காரர், சபையில் மாலை வாங்குகிறவர். தூ.

இந்த வழக்கில் சமாதானம் எனக்கு வேண்டாம். வேலையும் வீடும் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மேலே எழுதியதைக் காவலர் பொன்ராஜ் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். 'எனக்கு நினைவிருக்கும் வரையில் ஆறு தாளிலும் என் எண்ணும் கையெழுத்தும் இருந்தன' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். 'எனக்கு நினைவிருக்கும் வரையில்' என்பதை அடிக்கச் சொன்னேன். வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்றார். அடிக்கச் சொன்னேன். அடித்து, அடித்த இடத்தின் ஓரத்தில் என் ஒப்பம் பெற்றார். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, நடந்தபடியே சொன்னேன்.

(ஒப்பம்)
ந. நர்மதா