வராத பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி

காலையில் பரீட்சைக்குக் கிளம்பிய மகள் படியில் விழுந்து, கால் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுக் கிள்ளானுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த மனிதர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நீங்க மட்டும் போன் பண்ணலன்னா, வராத பிள்ளைங்க எல்லாம் சைபர் வாங்கியிருப்பாங்கக்கா."

புள்ளிவிவர சாப்ட்வேர் பற்றி அவர் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் பிரிக்பீல்ட்ஸ் அச்சகமொன்றில் அதை டைப்செட் செய்பவர். பேச்சிலேயே தெரிந்தது.

"உதாரணத்துக்குப் போட்ட மார்க் பட்டியல்ல அங்கங்க வெறும் புள்ளி இருந்துச்சு சார். மை சிந்தியிருக்கு, எடுத்துட்டு சைபர் போடுன்னாரு பாஸ்."

"நீங்க போடலியே!"

"மை சிந்தினா சரியா மார்க் வர்ற கட்டத்துலயா சிந்தும்? அதான் உங்கள கேட்டேன்."

"நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது லா. மூணு வருஷ உழைப்பு. என் மானத்தக் காப்பாத்திட்டீங்க."

"சரி, அந்தப் புள்ளியப் பாத்தா கம்ப்யூட்டர் என்ன சார் செய்யும்?"

"சராசரியில சேர்க்காது. ஆனா பேர எடுத்துடாது. அந்தப் பிள்ளை பெயில் இல்லக்கா. அன்னைக்கு வரல, அவ்வளவுதான்."