முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்

மேடம், நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேராகத் தலையில் அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் உட்காரவில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. விசாரணை என்று நினைக்காமல் கதை என்று நினைத்துக் கேளுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பயிற்சிக்கு வரும் டாக்டருக்கு, ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவரைத் துணையாகப் போடுவார்கள். பெரிய டாக்டரிடம் கேட்கப் பயமாக இருப்பதையெல்லாம் துணையிடம் கேட்கலாம். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லையா, துணை. பெரிய டாக்டர் திட்டிவிட்டாரா, துணை. கழிவறையில் போய் அழ வேண்டுமா, கதவுக்கு வெளியே காவலுக்கும் துணைதான். எனக்குத் துணையாகப் போட்டவர் என்னை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கென்று ஒருத்தி வந்தால் உள்ளங்கையில் வைத்துத் தாங்குவேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். தாங்கவும் செய்தேன்.

வந்தவளுக்கு முதல் வாரத்திலேயே வார்டில் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயிற்றில் கை வைத்ததும் இன்ன வியாதி என்று பட்டென்று சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிஸ்டர்கள் ரசித்தார்கள். எனக்குத்தான் கவலை. இப்படித் துணிச்சலாக இருக்கிற பிள்ளைகள் என்றைக்காவது பெரிதாக வழுக்கி விழுவார்கள்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் சரியாகச் சொல்லும்போது, "நிச்சயமா?" என்று மட்டும் கேட்பேன். அப்புறம் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தவறாகச் சொன்னால் தோளில் கை போட்டு, கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து, "இதெல்லாம் சகஜம்டி, அதுக்குத்தானே அக்கா இருக்கேன்" என்பேன். பொறுமை வேண்டிய வேலை அது. கொஞ்சம் கொஞ்சமாக, நாடி பார்த்துவிட்டுக்கூட என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். காய்ச்சல் மாத்திரை எழுதுவதற்கும் எனக்குப் போன் வந்தது. பட்டாசு என்ற பெயர் மறந்துபோய், வால் என்று ஆனது. "என்ன டாக்டரம்மா, இன்னிக்கு வாலைக் காணோம்? கத்திரிச்சிட்டாங்களா?" என்று வார்டு உதவியாளர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள், என்னைப் பார்த்துவிட்டு.

நான் வைத்தது ஒரே ஒரு விதி. யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் அந்தத் தையல்காரர் வந்து சேர்ந்தார். குடலில் ஓட்டை. பெரிய டாக்டர் அறுவை செய்தபோது அவள்தான் கூட நின்றாள், கடைசித் தையலும் அவள் போட்டதுதான். மறுநாள் கட்டு மாற்றும்போது தையல்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே பாப்பா. ரெண்டு மாசம் என் கடைக்கு வா, சொல்லித் தர்றேன்" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ரவுண்ட்ஸிலும் பெரிய டாக்டர் கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொன்னாள். அவர், "இந்தப் பொண்ணுக்கு இனிமே துணை எதுக்கு? தனியா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் என்னிடம் வந்து, "உங்களுக்கும் பாரம் குறையுமேக்கா" என்றாள். எனக்குப் பாரமாக இருக்கிறது என்று யார் சொன்னார்கள், மேடம்? இந்த நடை அன்றைக்கு ஆரம்பித்ததுதான். விடுதி மாடியில் ஏறுவேன், இறங்குவேன். சாப்பாட்டில் கை வைப்பேன், எழுந்துவிடுவேன்.

அடுத்த நாள் மதியம் நூலகத்தில் இருந்தேன். வார்டுக்கு நேர் மேல் மாடி. அவள் போன் செய்தாள்.

"அக்கா, தையல்காரருக்கு நாடி ஏறிக்கிட்டே போகுது. பிரஷர் இறங்குது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. உள்ள ரத்தம் கசியுதுக்கா. பெரிய டாக்டரைக் கூப்பிடவா?"

அவள் சொன்னது சரி. கேட்டவுடனே எனக்கும் தெரிந்தது.

"நிச்சயமா?" என்றேன்.

 "தெரியலக்கா" என்றாள்.

முந்தின நாளிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு அப்போதுதான் எனக்குச் சீராக வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "வலியிலகூட நாடி ஏறும். நான் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் யாரையும் கூப்பிடாதே" என்றேன்.

படி இறங்கினால் வார்டு. நான் இறங்கவில்லை. புத்தக அலமாரிகளுக்கு நடுவே போனேன், வந்தேன். அவர் மயங்குவார், இவள் பதறுவாள், பெரிய டாக்டர் திட்டிவிட்டு மறுபடியும் என்னையே துணையாகப் போடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான். உள்ளே ரத்தம் கசிகிறவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். நானும் டாக்டர்தானே.

பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அக்கா வருகிறார்கள் என்றே இவள் பதில் சொன்னாளாம். கடைசியில் சிஸ்டரே ஆள் அனுப்பினார், பெரிய டாக்டர் ஓடி வந்தார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இறங்கிப் போனபோது தையல்காரரின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வந்துட்டீங்களாக்கா" என்றாள், ஏதோ இனிமேல் சரியாகிவிடும் என்பது போல.

இப்போது உங்களிடம் அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். யாரையும் கூப்பிடவில்லையாம், தானே கவனிக்காமல் விட்டுவிட்டாளாம். என்னைக் காப்பாற்றுகிறாளாம். அவளைப் படிப்பிலிருந்தே நீக்கப் போகிறீர்கள் என்கிறார்கள். அதற்காகத்தான் வந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் என்னை உறுத்துவது வேறு. அவள் கூப்பிட்டாள், மேடம். சிஸ்டர் பேச்சைக்கூடத் தள்ளிவிட்டு என்னைத்தான் நம்பி நின்றாள். அதை இல்லை என்று யார் சொன்னாலும் பொறுக்க மாட்டேன், அவளே சொன்னாலும். எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே போகாமல் இருந்தேன். தையல்காரரைக் கொன்றது நான். அவள் மேல் ஒரு தவறும் இல்லை, நான் சொன்னபடிதான் கேட்டாள்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. உங்கள் மகள் இந்த வருஷம் எங்கள் பிரிவில் சேர்கிறாளாமே. புது இடத்தில் முதல் கொஞ்ச நாள் பிள்ளைக்கு ரொம்பத் தனியாக இருக்கும். யாரும் கவனிக்கவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், என் தங்கை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல், நிறைவாக இருக்க வேண்டும்.