அலறல் கேட்டால் பயப்பட வேண்டாம்

கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாதீர்கள் என்று வீட்டுக்காரர்களைக் கெஞ்சுவதுதான் ஐயா என் வேலை. கதவு கிரீச்சிட வேண்டும். சுவரில் பாசி இருக்க வேண்டும். சாரல் போதாதென்று நானே மோரைத் தெளித்துப் படரவிட்டிருக்கிறேன். பேய்ப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பவன் நான். சூரியகாந்திக்கு நடுவே பாட்டு எடுக்க வேண்டுமென்றால் சுந்தரபாண்டியபுரத்தில் வேறு ஆள் இருக்கிறார். குற்றாலத்தில் பயம் வேண்டுமென்றால் செந்தில்வேல் என்று என்னைக் கைகாட்டுவார்கள்.

இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு டைரக்டரும் இதுவரை யாரும் எடுக்காத படம் என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் மரப்படி இருக்கிறதா, பூட்டிய மாடியறை இருக்கிறதா, சன்னலுக்கு வெளியே பனி வருமா என்று கேட்பார். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எனக்கும் புரிந்தது. வெளியே சொல்லாத விஷயம் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதை அடுத்தவன் வீட்டு மாடியில் பூட்டிக் காட்டினால் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். இடைவேளை முடிந்ததும் ஃப்ளாஷ்பேக் வரும். அந்த வீட்டில் ஒருத்தியைச் சாகவிட்டிருப்பார்கள். அது தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். கடைசியில் பேய் அவன் கழுத்தைப் பிடிக்கும்போது தியேட்டரே கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

கிளம்பும்போது எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள். இங்கே நிஜமாகவே யாராவது செத்திருக்கிறார்களா? ஐந்தருவி ரோட்டு பங்களாவில் யாரும் சாகவில்லை. வெள்ளைக்காரன் காலத்து வீடு. அங்கே வாழ்ந்தவர்கள் எல்லாரும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிகளில் கட்டிலில் படுத்துச் செத்தவர்கள். நான் குரலைத் தாழ்த்தி, ஆமா சார் என்பேன். அதோடு இடம் முடிவாகிவிடும்.

அந்த பங்களாவைப் பார்த்துக்கொண்டவள் சுகந்தி. வீட்டுக்காரர் கனடாவில். இவள் தனியாகக் கீழ்த்தளத்தில் இருந்தாள். ஒரு படத்தில் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த சுகந்தி, நான் கத்தட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டாள். கத்தினாள். சவுண்ட் என்ஜினியர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அதன் பிறகு ஏழெட்டுப் படங்களில் அலறுவது சுகந்திதான். சும்மா இருக்கும் நாட்களிலும் கத்திப் பழகுவாள். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பிச்சையா, சத்தம் கேட்டால், சுகந்தி டூட்டிக்கு வந்துட்டா என்பார்.

ஒருமுறை அருவியில் குளித்துவிட்டு வந்த இரண்டு பேர் அவள் சத்தத்தைக் கேட்டு ஈரத்துண்டோடு காம்பவுண்டு ஏறிக் குதித்து ஓடிவந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். ஷாட் கெட்டுப்போனது. அன்றைக்குத்தான் அந்த போர்டை எழுதி வாங்கினேன். 'படப்பிடிப்பு நடக்கிறது. அலறல் கேட்டால் பயப்பட வேண்டாம்.' ஷூட்டிங் நாட்களில் கேட்டில் மாட்டுவேன். முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன்.

போன ஆடியில் சுகந்தி படிக்கட்டை மாற்றப் போவதாகச் சொன்னாள். வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிட்டாளாம். செங்கோட்டையிலிருந்து ஆசாரி திங்கட்கிழமை வருகிறாராம். அடுத்து வரவிருந்த டைரக்டர் அந்தப் படிக்காகத்தான் வீட்டைப் பிடித்திருந்தார். மேலிருந்து மூன்றாவது படியில் கால் வைத்தால் யாரோ முனகுவதுபோல் இருக்கும். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

"ஒங்களுக்கு அது படம் அண்ணாச்சி. தெனமும் ஏறி எறங்குதது நானுல்லா" என்றாள்.

நான் விவாதம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசாரிக்குப் போன் போட்டு, சுகந்தி இப்போது வரவேண்டாமென்று சொல்லச் சொன்னாள் என்றேன். திங்கள் முழுக்க அவள் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிச்சையா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

"இன்னைக்கு ஷூட்டிங்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் பிச்சையா.

"ஆமா" என்றேன்.

பழகுகிறாள் என்று நினைத்ததாக உங்களிடம் முதலில் எழுதிக் கொடுத்தேன். பொய். படத்துக்குக் கத்தும்போது சுகந்தி வெறும் சத்தம்தான் போடுவாள். அன்றைக்குச் சத்தத்துக்குள் வார்த்தை இருந்தது. டீயை முடித்துவிட்டுப் போனேன்.

மூன்றாவது படி இல்லை. அவள் கீழே கிடந்தாள். இடது கால் திரும்பியிருந்தது, இடுப்புக்குக் கீழே ரத்தம். "தூக்குங்க அண்ணாச்சி" என்றாள். அவள் போன் அடுப்படியில் சார்ஜில் இருந்தது. அதைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே தாசில்தார் வருவார், வீட்டைப் பூட்டிச் சீல் வைப்பார், இனி ஒரு கேமராவும் உள்ளே வராது என்று நினைத்தேன். இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். இன்னொன்றும் நினைத்தேன். இந்த வீட்டில் இதுவரை யாரும் செத்ததில்லை, டைரக்டர்களிடம் ஆமா என்பதெல்லாம் பொய் என்று நினைத்தேன்.

ஆள் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் என்னை நம்பினாள். தென்காசிக்குப் போய் முடி வெட்டிக்கொண்டேன். ஐந்து மணிக்கு மேல் திரும்பி வந்தபோது சாரல் நின்றிருந்தது. வீட்டிலும் சத்தமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். நான் அழுதேன். அது நடிப்பில்லை ஐயா.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்னால்தான் முடிக்க முடியவில்லை. என் வீட்டுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். அப்படியும் யாராவது கதவைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். போன வாரம் ஒரு புது டைரக்டர் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆமா என்றால் உண்மையாக இருந்திருக்கும். இல்லை சார், அங்கே யாரும் சாகவில்லை என்றேன். போனை வைத்துவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

போர்டைப் பற்றிச் சொன்னதையும் திருத்திக்கொள்ளுங்கள். முந்தின ஷூட்டிங்கில் மாட்டியதைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் மறக்கவில்லை. அந்த ஷூட்டிங் முடிந்த அன்றே கழற்றி வராந்தாவில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். அவள் உள்ளே அண்ணாச்சி அண்ணாச்சி என்று கத்திக்கொண்டிருக்கும்போது அதை எடுத்துப்போய் கேட்டில் மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சரிசெய்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப்போய் நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.