அவசரமில்லாத ஆராதனை

புளியோகரைக் கொஜ்ஜுவுக்கு, அதாவது புளிக்காய்ச்சலுக்கு, ப்யாடகி மிளகாய்தான் போட வேண்டும். குண்டூர் மிளகாயைப் போட்டால் காரம் முன்னால் வந்து நிற்கும், புளி பின்னால் போய்விடும். மைசூரில் பாதிப் பேர் குண்டூரைப் போட்டுவிட்டு, மேல்கோட்டைப் பக்குவம் என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அதைத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், லீலா மேடம். போகட்டும். என் பெயர் குருபிரசாத். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. எங்களிடம் வேலை செய்யும் மாதம்மா போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை இப்போதுதான் வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவள் பார்த்தது கடைசி ஐந்து நிமிஷம்தான். மீதியை நான் சொல்லாவிட்டால் உங்கள் காகிதத்தில் அரைகுறையாகத்தான் இருக்கும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

எங்கள் பூர்வீகம் மேல்கோட்டை. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்து கிருஷ்ணமூர்த்திபுரத்தில் வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் நானும் அண்ணா நாராயணஸ்வாமியும் மன்னி அன்னபூர்ணியும் இருந்தோம். அண்ணா என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பின்கட்டில் ஒரு ஷெட் போட்டுக் கொஜ்ஜு வியாபாரத்தைத் தொடங்கினோம். புளி காய்ச்சுவது அண்ணா. மிளகாய் வறுத்துப் பொடிப்பது நான். இப்போது பாட்டிலில் அடைப்பது மாதம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் இறக்கும் கொஜ்ஜுவில் ஒரு கரண்டி எடுத்துச் சூடான சாதத்தில் பிசைந்து, வீட்டுப் பெருமாளுக்குத்தான் முதலில் அமுது செய்விப்போம். அதற்கு முன் வீட்டில் யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவிட மாட்டோம். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதுகூடக் கிடையாது. எல்லாம் கை அளவுதான். அமுது செய்த பிறகுதான் பாட்டிலுக்கு மூடி போடுவார்கள். ஆராதனை என் பொறுப்பு. எட்டேகால் மணிக்கு என் மணி ஒலிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அது தவறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். ஏழு ஐம்பதுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிடுங்கள் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அண்ணா சிரித்தார். “பெருமாளுக்காக அரை மணி காத்துண்டிருக்க முடியாதவனுக்கு ஊசி ஒண்ணுதான் கேடு” என்றார். என் மணியை நம்பித்தான் அவர் ஊசி போட்டுக்கொண்டார். மாத்திரைப் பெட்டியில் கடிகாரம் வைத்த மாதிரி நான் இருந்தேன்.

அண்ணா மகன் அர்ஜுன் மெல்போர்னில் இருக்கிறான். போன டிசம்பரில் வீடியோ காலில் வந்து, அங்கே ஒரு சமையல்கூடம் வாடகைக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னான். இரண்டு கடைகள் கொஜ்ஜு கேட்கின்றனவாம். வியாபாரத்தையே அங்கே மாற்றிவிடலாம், அப்பாவும் அம்மாவும் வந்துவிடட்டும் என்றான். அவனுக்குத் தமிழைவிடக் கன்னடம் சரளம்.

“சித்தப்பா, உங்களுக்கு விசா கிடைக்க வழியே இல்லை. நீங்க அங்கிருந்து மிளகாய் மட்டும் பார்சல் பண்ணிடுங்கோ, ஆகத்தல்வா?” என்றான். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சுயநலமும் இல்லை. ஆகும் என்று நானும் தலையாட்டினேன். நிஜமாகவே ஆகும் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணா ஷெட்டில் வெண்கலப் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தார். எதையெதைக் கப்பலில் அனுப்புவது என்று ஒரு பட்டியல் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில், “பெருமாளையும் ஏளப்பண்ணிண்டு போயிடறேன்டா. அவர் இல்லாம அங்க கொஜ்ஜு நிக்காது” என்றார்.

“அப்போ நான்?” என்று கேட்டேன்.

“உனக்கென்னடா. மைசூர்ல இல்லாத கோயிலா? போய்ச் சேவிச்சுண்டு வா” என்றார். பானையைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் ஒளிக்கவில்லை, மேடம். வியாபாரம் போகிறது, வீடு வாடகைக்குப் போகிறது, எனக்குப் பின்கட்டில் ஓர் அறை. அதெல்லாம் சரி. விடிந்து எழுந்து குளித்தால் அடுத்து என்ன செய்வது என்பதுகூட எனக்கு மிச்சமிருக்காது. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அன்று முழுக்க நான் மிளகாய் வறுத்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் ஆராதனை நடுவில் காஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் மாற்றிச் சாதம் வேக இருபத்தைந்து நிமிஷம் தாமதமாயிற்று. அண்ணாவின் கை நடுங்கியது. சட்டென்று வேர்த்துக் கொட்டி, வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. மணி அடித்ததும் மன்னி ஓடி வந்து பெருமாள் முன்னிருந்த கல்கண்டை அவர் வாயில் போட்டார். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அது முழுக்கத் தற்செயல். நான் அதில் செய்தது ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை பெங்களூரில். ஒன்பது மணிக்குக் கார் வருவதாக இருந்தது. அன்று பாசுரங்களைக் கொஞ்சம் நிறுத்தி, அர்த்தம் நெஞ்சில் இறங்கும்படி சொன்னேன். நாற்பது நிமிஷம் கூடியது. அண்ணாவுக்குத் தலை சுற்றியது, படுத்துவிட்டார். கார் திரும்பிப் போயிற்று. புதிய தேதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு, “உன் மேல தப்பில்லைடா. நான்தான் கொஞ்சம் தள்ளி ஊசி போட்டுண்டிருக்கணும்” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் வீட்டில் எல்லாம் பழையபடி இருந்தன. என் வாழ்க்கையிலேயே நிம்மதியான நாட்கள் அவைதான்.

ஆனால் மூன்று வாரம் மூன்று வாரமாக எத்தனை நாள் ஓட்டுவது? இரண்டாவது தேதியில் மெடிக்கல் முடிந்தது. விசா வந்தது. திங்கட்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாளைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமைதான் மைசூரில் கடைசி ஆராதனை.

வெள்ளிக்கிழமை நான் மன்னியிடம், “இவ்வளவு தூரம் போறேளே, மேல்கோட்டைக்குப் போய்ச் செல்வப்பிள்ளையைச் சேவிச்சுட்டு வந்துடுங்கோ. நாளைக்குத் தளிகையை நான் பார்த்துக்கறேன்” என்றேன். மன்னிக்குச் சந்தோஷம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அவரை அனுப்பியது வேண்டுமென்றா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வத்தைச் சேவிக்காமல் போகக்கூடாது. அதுதான் என் முதல் காரணம். இரண்டாவது காரணமும் இருந்தது.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்கே தளிகை, அதாவது சமையல், தயார். அண்ணா குளித்து, மடி வேட்டியோடு வந்து என் பின்னால் சுவரை ஒட்டி மணையில் உட்கார்ந்தார். மடி வேட்டியில் பை கிடையாது. மற்ற நேரங்களில் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பார்.

“கடைசி ஆராதனை. நிறைவா பண்ணுடா” என்றார்.

“ஊசி போட்டுண்டாச்சா?” என்று கேட்டேன்.

“அடடா, மறந்தே போயிட்டேன்” என்று எழுந்து போனார். நான் கேட்டிருக்காவிட்டால் அன்று அவர் ஊசியே போட்டுக்கொண்டிருக்க மாட்டார். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லையே, மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு நான் நிறைவாகப் பண்ணினேன். திருமஞ்சனத்துக்குப் பால், தயிர், தேன், இளநீர் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். வழக்கமாகப் பத்துப் பாசுரம் சொல்வேன். அன்று எண்ணவில்லை. எட்டு நாற்பதுக்கு அண்ணா, “குரு, ஆச்சா?” என்றார். “நிறைவா பண்ணுன்னு நீதானே சொன்னே” என்றேன். “ஆமா, ஆமா. பண்ணு” என்றார். நான் பெருமாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆராதனை செய்பவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் திரும்பவில்லை.

ஒன்பது மணி தாண்டியிருக்கும். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது. பெருமாள் முன்னால் வெள்ளிக் கிண்ணத்தில் கல்கண்டு இருந்தது. அந்தக் கை அதை நோக்கிப் போயிற்று. விரல்கள் நடுங்கின.

“இன்னும் அமுது செய்யலை, அண்ணா” என்றேன்.

கை நின்றது. “ஆமாம்டா” என்றார். கையை எடுத்துக்கொண்டார்.

நான் அவரைத் தடுக்கவில்லை. கிண்ணத்தை நகர்த்தவும் இல்லை. உண்மையைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அறுபது வயதை நெருங்கும் மனுஷர், சொந்த வீடு, சொந்தக் கை. எழுந்து சமையலறைக்குப் போயிருக்கலாம். போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, “ஃப்ளைட் எத்தனை மணிக்குடா?” என்று கேட்டார். பிறகு அதையே இன்னொரு தடவை கேட்டார். குரல் குழறியது. அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது.

இதன் பிறகுதான் மாதம்மா வந்தாள். கௌதள்ளி என்ற ஊர்க்காரி, எங்களிடம் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள். மணி ஒன்பதரை தாண்டியும் மூடி போடச் சொல்லவில்லையே என்று பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

“சின்ன சாமி, பெரிய சாமி ஒரு மாதிரி சாயறாருங்க” என்றாள்.

நான் மணியை எடுத்து அடித்தேன்.

“சாமி, பேச்சு மூச்சு இல்லீங்க. திரும்பிப் பாருங்க சாமி” என்றாள்.

விடாமல் அடித்தேன். அவள் சமையலறை நிலைப்படியைத் தாண்டி வந்ததே இல்லை. வரக்கூடாது என்று வாய்விட்டு நாங்கள் சொன்னதும் இல்லை. அவளே தெரிந்துகொண்டிருந்தாள். அதை நம்பித்தான் நான் மணியை அடித்துக்கொண்டிருந்தேன். அன்று தாண்டினாள். தன் டீ டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து அண்ணாவின் வாயைப் பிளந்து உள்ளே தேய்த்தாள். அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தெருவில் போகிறவர்களைச் சத்தம் போட்டு அழைத்தாள். அவள் புடவை என் மேல் பட்டுவிட்டது.

நடுவில் மடி கெட்டால் மறுபடி குளித்துவிட்டுத்தான் ஆராதனையை முடிக்க வேண்டும். நான் கிணற்றடிக்குப் போய்க் குளித்தேன். ஆம்புலன்ஸ் வந்து போன சத்தம் கேட்டது. வந்து முடித்தேன். பெருமாளுக்கு அமுது செய்வித்தேன். பிறகு சாப்பிட்டேன். பசி அப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தேன். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

மெல்போர்னிலிருந்து அர்ஜுன் வந்து காரியங்களைச் செய்தான். பதின்மூன்றாம் நாள் முடிந்ததும், “பெருமாள் உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தப்பா. அப்பா இல்லாம அங்க எதுக்கு?” என்றான். நானாகக் கேட்கவில்லை. மன்னி மட்டும் அவனோடு போகிறார். அவர் என்னிடம் பேசுவதில்லை. மாதம்மா என்ன சொன்னாளோ.

இவ்வளவுதான். நான் எதையும் கலக்கவில்லை, யாரையும் தொடவில்லை. ஊசி அவர் போட்டுக்கொண்டது, விரதம் அவர் இருந்தது. என் பக்கம் இருப்பது தாமதம் மட்டுமே. பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஒருவன் சாமிக்குமுன் உட்கார்ந்திருந்தான் என்று வக்கீல் சொல்வார். நல்ல வக்கீலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாக விடக்கூடாது என்பதற்காக. ஆராதனையில் பெருமாளுக்குக் கண்ணாடி காட்டுவது ஓர் உபசாரம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. நேராகப் பிடித்தால் பெருமாள் தெரிவார். சற்றே சாய்த்தால் பின்சுவரும் அதை ஒட்டி உட்கார்ந்திருப்பவரும் தெரிவார்கள். ஒரு தடவை காட்டினால் போதும். அன்று மாதம்மா வருவதற்குள் நான்கு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அண்ணா கண்ணாடிக்குள் என்னையே பார்த்தார். நான் பார்ப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நான்காவது தடவை அவர் கண் திறந்திருக்கவில்லை. பெருமாளுக்கு அதற்குமேல் கண்ணாடி தேவைப்படவில்லை.