யாராவது ஃபேனைப் போட்டா நல்லாயிருக்கும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பிளக் நல்ல பொருள். சுவரில் அதைச் செருகி, அதில் நம் சாமானைச் செருகிவிட்டால் போதும். போனைத் தொட்டே போடலாம், அணைக்கலாம். வீட்டுச் சாமான் கடையில் அதை விற்றவன் நான். எத்தனையோ பேருக்கு டெமோ காட்டியிருக்கிறேன், ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதனால் உங்கள் அறிக்கையில் பிளக் பழுது என்று எழுதி, அதைச் செய்தவனை அலையவிடாதீர்கள். பாவம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. சொன்னதும் உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததைக் கவனித்தேன். எல்லோருக்கும் வருவதுதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அதற்கு மேல் தங்குகிறவனை என்னவென்று கூப்பிடுவது என்று என் மாமனாருக்குத் தெரியவில்லை. ஆகவே, கூப்பிடுவதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, விரலால் ஒரு குச்சியை அசைப்பார். கீழே லாரி அளவுப் பெட்டி ஒன்று எழும்பி நகரும். ஓய்வு பெற்ற பிறகும் அவர் கூண்டை விட்டு இறங்கவில்லை. ஹாலில் இருந்த சாய்வு நாற்காலிதான் புதுக் கூண்டு. அதில் சாய்ந்துகொண்டு, கூரையைப் பார்த்துச் சொல்வார்.

"யாராவது ஃபேனைப் போட்டா நல்லாயிருக்கும்."

"வாசல்ல யாரோ மணி அடிக்கிற மாதிரி இருக்கு. யாராவது பாத்தா தேவலை."

வீட்டில் பகலில் இருப்பது நாங்கள் இருவர். என் மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நான் வேலை பார்த்த கடையை இழுத்து மூடிவிட்டார்கள். ஆக, அந்த யாராவது யார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"உங்க அப்பா என்னை ஒரு தடவையாவது மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருக்காரா?"

"அவர் சுபாவம் அது. வாய்ல வராது. மனசுல வச்சிருப்பாரு."

"அப்ப அங்கேர்ந்து ஒரு நாள் வெளிய எடுக்கச் சொல்லேன். பூஞ்சை புடிச்சிடப் போவுது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கடை மூடியபோது, டெமோ மேசையில் இருந்த, வாயால் சொன்னால் கேட்டு வேலை செய்கிற குரல் பெட்டியையும் ஒரு பை நிறைய பிளக்குகளையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் கொண்டுவந்து, ஹாலில் இருந்த ஸ்டாண்ட் ஃபேனுக்கு ஒன்று மாட்டினேன். யாராவது வேலையை இனி அந்தப் பெட்டி பார்க்கட்டும், நான் மனிதனாகிவிடலாம் என்று கணக்கு. மாமா அதைச் சந்தேகமாகப் பார்த்தார். மாத்திரை டப்பா மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு அது பேசியது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல், இலக்கண சுத்தமான தமிழ். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பேசும்படி பதிந்து கொடுத்தவனும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

"பாப்பா, ஃபேனைப் போடும்மா."

"மின்விசிறி இயக்கப்பட்டது."

"நல்லா இருப்படா தங்கம்."

நான் சமையலறையில் கரண்டியோடு நின்று இதைக் கேட்டேன். அந்த ஃபேனை எத்தனை வருஷம் போட்டிருப்பேன். எனக்கு ஒரு "ம்" கூடக் கிடைத்ததில்லை. பெட்டிக்கு முதல் நாளே ஆசீர்வாதம்.

அதோடு விட்டாரா? காலையில் எழுந்ததும் கடலில் காற்று எப்படி என்று அதனிடம் கேட்பார். கிரேன் கதைகளைச் சொல்வார். பாதிக் கதையில் அது, "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால், கோபப்படாமல் முதலிலிருந்து சொல்வார். ஒரு நாள் சாப்பிடும்போது மகளிடம் சொன்னார்: "பாப்பா வந்தப்புறம்தான் பகல்ல ஒரு பேச்சுத் துணை இருக்கு." அப்போது அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது நான். டம்ளர் வழிந்துவிட்டது. "யாராவது துடைச்சா நல்லது" என்றார்.

சில்லறை விஷமங்களில்தான் ஆரம்பித்தேன். சமையலறையில் இருந்தபடியே என் போனில் ஃபேனை அணைப்பேன். "பாப்பா, ஃபேன்" என்பார். அவர் போடச் சொல்லச் சொல்ல நான் அணைத்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் அவர் கூரையைப் பார்ப்பார். நான் போய் நிற்பேன். பெட்டியைத் தோற்கடிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அப்போதும் நான் யாராவதுதான்.

அதன் பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. துறைமுகத் தூசி பாதி, சிகரெட் பாதி. ஆக்சிஜன் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. பயணப் பெட்டி உயரம் இருக்கும். நாள் முழுக்க முனகும். அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் போகும். அதையும் ஒரு ஸ்மார்ட் பிளக்கில்தான் மாட்டினேன். வெளியே போனாலும் மெஷின் ஓடுகிறதா என்று போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஃபேனுக்கு அடுத்த வரியில் மெஷின் இருந்தது. விரல் தவறி அதைத் தொட்டுவிட்டேன். ஹாலில் முனகல் நின்றது. ஓடினேன். மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். மெஷினைப் போட்டேன், குழாயைச் சரிசெய்தேன், முதுகைத் தடவினேன். மூச்சு திரும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை," என்றார். "நீங்க இல்லேன்னா இன்னிக்கு நான் போயிருப்பேன் மாப்பிள்ளை."

ஒரே மூச்சில் இரண்டு மாப்பிள்ளை. அதுவும் அந்த மூச்சில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் மனைவி வந்து விஷயம் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது.

அடுத்த முறை விரல் தவறவில்லை.

தினமும் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், நான் என்ன ராட்சசனா? அவர் ரொம்ப நாள் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் மட்டும் செய்வேன். அதிலும் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மற்றவர்களைப் போல அலட்சியமாக இருக்க எனக்குத் தெரியாது. மெஷினில் கரண்ட் போனால் கத்துகிற ஒரு மணி உண்டு. நான் அறைக்குள் நுழைவதற்குள் அது கத்தி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளப் பார்த்தது. அதைக் கழற்றி வைத்தேன். அவசரத்துக்கு என்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில் நின்றது. அதைத் திறக்கிற சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். பாப்பாவின் பட்டியலிலிருந்தும் மெஷினை எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட பொறுப்பையெல்லாம் ஒரு பெட்டியிடம் விடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா மெலிந்துகொண்டே வந்தார். ஆனால் என்னிடம் பேசினார். கிரேன் கதைகளை எனக்கே சொன்னார். நான் ஒரு தடவைகூடப் புரியவில்லை என்று சொன்னதில்லை.

கெடுத்தது என் மனைவிதான், அவளுக்கே தெரியாமல். அவளிடம் மாமா சொன்னாராம்: "பாவம்மா அவரு. எனக்காக வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறாரு. வேலைக்குப் போகட்டும். அவசரம்னா கூப்டுக்கலாம்." அவளும் உடனே எங்கோ சொல்லி எனக்கு ஒரு கடையில் நேர்காணல் ஏற்பாடு செய்துவிட்டாள். பெட்டிக்கும் சொல்லிக்கொடுத்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிடு என்று மாமா சொன்னால், அது என் போனுக்கு அடிக்கும்.

"இனிமே நீங்க நிம்மதியா வெளிய போலாம்," என்றாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

எனக்குப் புரிந்தது வேறு. கறிவேப்பிலையை மணத்துக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது தட்டின் ஓரம் ஒதுக்குவது போல, என்னை ஒதுக்குகிறார்கள். என்னை விரட்டிவிட்டு, மாமாவும் பாப்பாவும் கடல் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம், மாமா தன் அறையில் படுத்திருந்தார்; மெஷினையும் பாப்பாவையும் அங்கேயே மாற்றியிருந்தோம். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை அவர் தானாக, வாய்விட்டு என்னைக் கூப்பிட வேண்டும். இதற்கு முன்பெல்லாம் கூப்பிடும் முன்பே நான் ஓடிவிட்டேன். அந்த மாப்பிள்ளையெல்லாம் நன்றிக்கு வந்தவை. இந்தத் தடவை அவசரப்படுவதில்லை என்று இருந்தேன். போனைத் தொட்டேன். முனகல் நின்றது.

அவர் என்னைக் கூப்பிடவில்லை.

"பாப்பா," என்றார். "மெஷினைப் போடும்மா."

"மன்னிக்கவும், அந்தப் பெயரில் கருவி எதுவும் இல்லை."

மறுபடி அதையே கேட்டார். அதுவும் அதையே சொன்னது. எனக்குக் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூச்சு போகிற நேரத்திலும் பெட்டிதானா? நான் இருந்தது கை எட்டும் தூரத்தில். அப்புறம் என்னவோ முணுமுணுத்தார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெட்டி மட்டும், "அழைக்கிறேன்" என்றது.

என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் பாப்பா என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. அவர் நேராகக் கூப்பிடட்டும் என்று நின்றேன். பிறகு அறையில் சத்தம் எதுவும் வரவில்லை. மெஷினைத் திரும்பப் போட்டுவிட்டு, மனைவிக்குப் போன் செய்தேன். இவ்வளவுதான் நடந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அந்தப் பெட்டி கேட்டதையெல்லாம் எங்கோ சேர்த்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? விற்றவன் ஆயிற்றே. ஆனால் அந்த முணுமுணுப்பை நீங்கள் சற்று முன் போட்டுக் காட்டியபோதுதான் கேட்டேன். "மாப்பிள்ளையைக் கூப்பிடும்மா. பயப்படாத பாப்பா, மாப்பிள்ளை வந்துருவாரு." பெட்டிக்குப் போய் ஆறுதல் சொல்லியிருக்கிறார், பாருங்கள்.

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். என் பக்கத்தையும் யோசியுங்கள். அவர் கூப்பிட்டார் என்கிறீர்கள். யாரை விட்டுக் கூப்பிட்டார்? ஒரு பெட்டியை விட்டு. பெட்டி கூப்பிட்டதும் விழுந்தடித்து ஓடுவதற்கு, நான் என்ன அந்த வீட்டில் யாராவதா? வாய்விட்டு ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அவரைக் காப்பாற்றுவதற்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?

சரி, அந்தப் பதிவை இன்னொரு தடவை போடுங்கள். முழுக்க வேண்டாம், மாப்பிள்ளை என்று வருகிற இடம் மட்டும்.